உப்பில்லாத ஊருக்குப் போன செங்கோடன்

வெள்ளைக்கரட்டில் ஆழ்துளைக் கிணறு போட வந்த ரிக் வண்டி பாறைக்குப் பதில் வேரைத் துளைத்த அன்று காலையில், அங்காயியும் அவள் புருசன் செங்கோடனும் கருவாட்டுக் குழம்பில் உப்பு கூடிப்போனதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கருவாட்டிலேயே உப்பு இருக்கும்போது மேற்கொண்டு எவளாவது உப்பள்ளிப் போடுவாளா என்று அவன் கேட்க, இத்தனை நாள் வாய்க்கு ருசியாக ஆக்கிப் போட்டதெல்லாம் மறந்துபோச்சா என்று இவள் கேட்க, அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துகொள்ள, சோற்றைத் தள்ளிய கையைப் பார்த்து இவளுக்கு வந்த ஆத்திரத்தில், "அப்படின்னா உப்பில்லாத ஊரா பாத்துப் போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டாள். செங்கோடன் ரிக் வண்டியில் குழாய் மாட்டுகிறவன். பெரிய ஸ்பேனரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். புருசன் பெண்டாட்டி சண்டையில் எங்கள் ஊரில் சொல்லிக்கொள்கிறதெல்லாம் பலித்தால் தெருவில் ஓர் ஆள் மிஞ்சாது, ஆனால் இது மட்டும் மத்தியானத்துக்குள் பலித்துவிட்டது.

வெள்ளைக்கரடு சேலத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவில் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, நம்பி இருக்கிற ஊர். காட்டில் கிழங்கு, வண்டியில் கிழங்கு, ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் கிழங்கு, பெண்கள் விரல் நகத்துக்கடியிலும் கிழங்குதான். மேலே மண்ணிறத் தோல், அதற்கடியில் கசக்கிற பட்டை, அப்புறம் சதை, நட்டநடுவில் நரம்பு என்று கண்ணை மூடிக்கொண்டு கத்தி போடுகிறவர்கள் எங்கள் ஆட்கள், அதனால் வேர் என்றால் எங்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஒரு நினைப்பு எல்லாருக்கும் உண்டு. அந்தக் கோடையில் கிணறுகள் வற்றி, ஆலையில் கிழங்கு கழுவத் தண்ணீர் இல்லாமல், ஆலைக்காரர் ரிக் வண்டியை வரவழைத்தார். ஒரு தென்னை உயரம்கூட இறங்கியிருக்காது, கல்மாவு புகைகிற இடத்தில் வெள்ளை வெள்ளையாகச் சீவல் பறந்தது. கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியோடு எழுந்து வந்து, சீவலை மோந்து பார்த்து, வாயில் போட்டு மென்று துப்பி, இது வேருதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

மண்ணைச் சரித்துப் பார்த்தால், மேற்கிலிருந்து கிழக்கே ஊருக்கடியில் படுத்திருந்தது வேர், ஆலையின் கிடங்கைவிட உயரமாக, இரண்டு முனையும் கண்ணுக்குச் சிக்காமல். இது எந்த மரத்து வேர் என்று கொஞ்ச நாள் தேடினார்கள். கல்வராயன் மலைப் பக்கம்கூட ஆள் போய்ப் பார்த்து வந்தது. இவ்வளவு பெரிய வேருக்கு ஏற்ற மரம் எங்கேயும் நிற்கவில்லை என்று தெரிந்ததும், நிற்காவிட்டால் போகிறது, வேர் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

இந்தத் தேடலெல்லாம் பிறகுதான். வேர் தட்டுப்பட்ட அன்றே, குழாய் முனையில் துளைக்கிற இரும்புப் பிட்டு உள்ளே மாட்டிக்கொண்டதால், வேரைக் கீறி அதை எடுக்கச் செங்கோடனைத்தான் முதலில் அனுப்பினார்கள். அவன் பின்னால் போன ரிக் ஆட்கள் வந்து சொல்லித்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தது. வெளியே ஈரமான மெல்லிய தோல், அதிலிருந்து மண்ணுக்குள் இறங்குகிற, வடக்கயிறு கனமுள்ள மயிர்கள். தோலைத் தாண்டினால் அறைகள், அறைக்கடுத்து அறை, உருண்டையான சுவர்கள், உள்ளே வெள்ளை மாவுக் குவியல்கள், அறைகள் சேருகிற மூலையிலெல்லாம் ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்து. அந்தச் சந்துகளிலேயே நாள் பூராவும் சுற்றிக்கொண்டிருக்கலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. அப்படிச் சுற்றிக்கொண்டே நடுவை நோக்கிப் போனால் கடைசியில் ஒரு சுவர் வருகிறது. அதுவும் அறைகளால் ஆனதுதான், ஆனால் தோளோடு தோள் நெருக்கி வட்டமாக நிற்கிற அறைகள், இரண்டு அறைக்கு நடுவிலுள்ள இடுக்கையெல்லாம் மெழுகு மாதிரி ஒரு பட்டி சுற்றி அடைத்திருக்கிறது, காற்றுகூட நுழையாது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மேல்நோக்கி ஏறுகிற சத்தம் கேட்டதாம். செங்கோடன் காதை வைத்துக் கேட்கலாமென்று ஓர் அறையின் மேல் சாய்ந்திருக்கிறான், பிசைந்த மாவில் கை இறங்குகிற மாதிரி அவன் முழுசாக இறங்க, சுவர் பழையபடி மூடிக்கொண்டது. மற்றவர்கள் தட்டினார்கள், உதைத்தார்கள், கடப்பாரை போட்டார்கள், கீறல் விழவில்லை.

அங்காயி ஆலையிலிருந்து ஓடிவந்து, அந்தச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து வீட்டுக்கு வந்தால் கொல்லையில் வறண்டு கிடந்த சேந்துகிணற்றில் கைக்கு எட்டுகிற அளவுக்குத் தண்ணீர் நின்றது. கல்கண்டு மாதிரித் தண்ணீர், உப்பு என்பது பேருக்குக்கூட இல்லை.

அப்புறம் என்ன, ஊர் பூராவும் வேருக்குள் போய்ச் சுவரில் சாய்ந்தது. பலபேரைச் சுவர் கண்டுகொள்ளவில்லை, சிலபேரை எடுத்துக்கொண்டது, எடுத்துக்கொண்டவர் எவரும் திரும்பவில்லை, ஆனால் யார் வீட்டு ஆள் உள்ளே போனதோ அந்த வீட்டுக் கிணறு நிரம்பியது. இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போன வீட்டை எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். அங்காயியின் எதிர்வீட்டுப் பழனியாயி, தன் மகன் மாதேசு உள்ளே போன அன்று தெருவுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். பிறகு யார் வந்து பேசினாலும், நம்ம மாதேசு உள்ளே இருக்கறானில்ல என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பாள்.

யாரைச் சுவர் எடுக்கிறது, யாரை எடுக்கவில்லை என்பதற்கு ஆலைக்கார ஊர் ஆலைக்கணக்கிலேயே பதில் கண்டுபிடித்தது. கிழங்கை அரைத்துச் சல்லடையில் போட்டால் பால் இறங்கும், திப்பி தங்கும், அந்தத் திப்பியை மாட்டுக்குப் போடுவோம். சுவரும் ஒரு சல்லடைதான், நைசாக இருக்கிறவன் இறங்குவான், முரடு தங்கும், அவ்வளவுதான் சங்கதி என்று முடிவாகிவிட்டது. அன்றிலிருந்து உள்ளே ஆள் போன வீடு பால்வீடு, போகாத வீடு திப்பிவீடு. பெண் பார்க்க வந்தவர்கள் நட்சத்திரத்துக்கு முன்னால் இதைக் கேட்டார்கள். நைசாக வேண்டுமென்று பலர் பட்டினி கிடந்தார்கள், மொட்டை போட்டார்கள், வெற்றிலையை விட்டார்கள், ஒருத்தர் தன் தம்பியோடு இருந்த வாய்க்கால் தகராறையே விட்டார், அதற்கும் சுவர் மசியவில்லை. ஆனால் ஆலையிலிருந்து மோட்டாரைக் கழற்றி விற்றவனைச் சுவர் பார்த்த மாத்திரத்தில் எடுத்துக்கொண்டது. வழி தவறிப் போன ஒரு கன்றுக்குட்டியையும் எடுத்துக்கொண்டது. அந்த மோட்டார்க்காரன் உள்ளுக்குள் நல்லவனாக இருந்திருப்பான் என்று ஊர் சொன்னது. கன்றுக்குட்டிக்கு என்ன சொல்வதென்று தெரியாததால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதற்கிடையில் வெளியறைகளும் சும்மா இருக்கவில்லை. வேரின் பக்கவாட்டில் வண்டி இறங்குகிற மாதிரி மண்ணைச் சரித்துப் பாதை போட்டு, தோலில் ஒரு வாசல் வெட்டி, பஞ்சாயத்தில் ட்யூப்லைட் போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே குளுகுளுவென்று இருந்ததால் சின்ன வெங்காய மூட்டை அடுக்க நாலு அறை, தையற்கடைக்கு ஓர் அறை, பிள்ளைகளின் டியூசனுக்கு ஓர் அறை என்று போட்டி போட்டுப் பிடித்தார்கள். சுவரில் யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அடுத்த வாரம் அதற்கு முன்னால் ஓர் உண்டியல் இருந்தது, யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. சேலத்துக் கல்லூரியிலிருந்து தாவரவியல் சொல்லித்தரும் எஸ்தர் டீச்சர் தன் மாணவிகளோடு வந்து, சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, இது சல்லடை இல்லை, இந்த அறை ஒவ்வொன்றும் உயிருள்ளது, தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும், வேண்டாததை விட்டுவிடும், இதில் நல்லது கெட்டது நைசு முரடு எதுவும் கிடையாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். கிழங்கிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு வேரைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்களே என்று ஊர் சிரித்துவிட்டு, அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பியது.

அங்காயி மட்டும் சிரிக்கவில்லை. அவளும் முதலில் சல்லடைக் கணக்கை நம்பித்தான் பட்டினி கிடந்தாள், காது கழுத்தில் கிடந்ததைக் கழற்றினாள், சுவர் அவளைத் தொடக்கூட இல்லை. புருசனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை தொண்டையில் திப்பியாக நிற்கிறது, அதனால்தான் அவள் இறங்கமாட்டேன் என்கிறாள் என்று பழனியாயி சொன்னாள், அதுவும் அங்காயியின் கிணற்றடியிலேயே நின்றுகொண்டு.  தெருவே அவள் கிணற்றில் சேந்தியது, அவள் மட்டும் அதில் ஒரு சொட்டு வாயில் வைக்காமல், டேங்கர் லாரி வருகிற அன்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போய் வரிசையில் நின்றாள்.

தினமும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவள் சாப்பிடாமல் வேருக்குள் போய், வெங்காய மூட்டைகளைத் தாண்டி, சுவரில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளேயிருந்து ஸ்பேனரால் தட்டுகிற சத்தம் வரும். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, இரண்டு தட்டு. ஆள் நல்லாயிருக்கான், அதைத்தான் சொல்றான் என்று ஊர் சொன்னது. ஆனால் அவள் ரிக்காரன் பெண்டாட்டி. எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் ரிக் ஆட்கள் குழாயில் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள், ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் மேலே ஏற்று. கல்யாணமான புதிதில் செங்கோடன் சோற்றுத்தட்டில் கரண்டியால் இரண்டு தட்டி, போதும் எடுத்துக்கோ என்று அவளுக்கு விளையாட்டுக் காட்டியிருக்கிறான். அவன் தன்னை மேலே ஏற்றச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது, ரிக் ஆட்கள் வண்டியோடு வேறு ஊருக்குப் போய்விட்டதால் சொன்னால் நம்புவதற்குத்தான் ஆளில்லை.

ஆடி பிறந்தபோது தட்டல் மெலிந்தது. கனமான ஸ்பேனரைத் தூக்க முடியாதவன் தட்டுகிற மாதிரி இருந்தது. அங்காயி அன்றைக்கே கிளம்பினாள். ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, சேலம் பஸ் ஏறி, கல்லூரி வாசலில் காத்திருந்து, எஸ்தர் டீச்சரைப் பார்த்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் போனவங்க என்ன ஆவாங்க என்று நேராகவே கேட்டாள்.

டீச்சர் அவளை மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னார். நடுவில் தண்ணீர் ஏறுகிற குழாய்கள் எல்லாம் ஒரு காலத்தில் மற்ற அறைகளைப் போல உயிரோடு இருந்தவைதான். சுவர் தடித்துக்கொண்டே வந்து, உள்ளே இருப்பதையெல்லாம் கரைத்து, வெறுங்கூடாகிச் செத்த பிறகுதான் அவை குழாயாகின்றன. செத்தால்தான் அதன் வழியே தண்ணீர் போகும்.

அங்காயி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் அவள் கண்முன்னால் நின்றது.

"அந்தச் செவுத்த எப்படித் தொறக்கறதுங்க டீச்சர்?"

"தொறக்க முடியாதும்மா. வெளியிலேர்ந்து யாராலயும் முடியாது," என்றார் டீச்சர். "ஆனா ஒண்ணு இருக்கு. கிளைங்க எல்லாம் மரத்தோட வெளிப்பக்கத்துல முளைக்கும், பக்கவேர் அப்படி இல்ல. அது அந்தச் செவுருக்கு உள்பக்கத்துல பொறந்து, செவுரு, அறை, தோலு எல்லாத்தையும் கிழிச்சிக்கிட்டு வெளிய வரும். வெளிய எந்தப் பக்கம் ஈரம் இருக்கோ அந்தப் பக்கமாத்தான் வரும்."

பஸ்ஸில் திரும்பும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். மறுநாள் விடிந்ததும் கொல்லைக் கிணற்றில் சேந்தி, இடுப்பில் ஒரு குடம் தலையில் ஒரு குடமாகச் சரிவுப் பாதையில் இறங்கி, தட்டல் கேட்கிற இடத்துக்கு நேர் வெளியே, வேரின் அடியில் மண்ணை அணைத்துக் கட்டி ஊற்றினாள். மண் உறிஞ்சியது. திரும்பப் போய்ச் சேந்திவந்து ஊற்றினாள். பார்த்தவர்கள் முதலில் வேண்டுதல் என்று நினைத்தார்கள், இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஊற்றவே, குடிக்கத் தண்ணீர் இல்லாத காலத்தில் கிணற்றையே கொண்டுபோய் மண்ணில் கொட்டுகிறாளே, இவளுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று தெரு கொதித்தது. கிணற்றில் நீர் படி படியாக இறங்கியது. பஞ்சாயத்தைக் கூட்டினார்கள். கூட்டத்தில் பழனியாயிதான் எல்லாரைவிடவும் சத்தம் போட்டாள், புருசனைத் தொலைச்சவ ஊரையும் தொலைக்கப் பாக்கறா என்று மண்ணை வாரித் தூற்றாத குறை.

டீச்சர் சொன்னதையெல்லாம் அங்காயி சொல்லிப் பார்த்தாள், குழாய் விஷயத்தையும் சொன்னாள். பால்வீட்டுக்காரர்கள் ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவர், உன் கிணறுதான், இல்லேங்கல, ஆனா தண்ணி ஊருக்குப் பொது என்றார்.

"எங்க ஊட்டு ஆளக் குடுத்து வந்த தண்ணிங்க இது," என்றாள் அங்காயி. "தண்ணி போவட்டும். ஆளு வரட்டும்."

யாரோ அவள் கிணற்றுக் கயிற்றை அறுத்துப் போட்டார்கள். அவள் இரண்டு சேலையை முறுக்கிக் கட்டிச் சேந்தினாள். வாளி காணாமல் போனது, அண்டாவை இறக்கிச் சேந்தினாள். சும்மா சொல்லக்கூடாது, ஊரும் சளைக்காமல்தான் தடுத்தது, ஆனால் கடைசிவரை அவள் கையைப் பிடித்து நிறுத்த மட்டும் ஒருத்தரும் முன்னால் வரவில்லை, ஏன் என்று ஊர் யோசிக்கவும் இல்லை.

கிணற்றில் அடிமணல் தெரிந்த அன்று டியூசன் அறையின் பின்சுவர் புடைத்தது. வாத்தியார் ஈரம் இறங்குகிறது என்று நினைத்துப் போர்டை நகர்த்தி மாட்டினார். மறுநாள் வெங்காய மூட்டைகள் சரிந்தன, மஞ்சள் பூசிய சுவரில் குங்குமம் வைத்த இடம் பிள்ளைத்தாய்ச்சி வயிறாகத் தள்ளிக்கொண்டு நின்றது, பிறகு மெழுகுப்பட்டி சத்தமே இல்லாமல் இழைவிட்டுக் கிழிந்தது. அவசரமில்லாமல் வந்தது அது. வழியிலுள்ள அறைகளை முட்டி உடைக்கவில்லை, முன்னால் தொட்ட அறை தானாகக் கரைந்து வழிவிட்டது. தையற்காரர் மிஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார், உண்டியலை யார் தூக்கினார்களோ, அது அப்போதே மறைந்துவிட்டது. உச்சி வெயிலில் ஊர் முழுக்கச் சரிவில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, வேரின் தோல் விரிந்து, கொழகொழப்பான தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு, காளை மாட்டுக் கனத்தில் ஒரு வெள்ளைப் பக்கவேர் தலையை நீட்டி, அங்காயி அணைத்துக் கட்டிய ஈரமண்ணுக்குள் இறங்கியது. அதற்கும் கிழிந்த தோலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. அதன் வழியாக முதலில் கன்றுக்குட்டி வந்தது. அப்புறம் ஸ்பேனர் மண்ணில் விழுந்தது. அப்புறம் செங்கோடன் தவழ்ந்து வந்தான்.

வெளுத்துப்போயிருந்தான். கையும் காலும் மரத்துத் தடித்து, முழங்கைத் தோலில் வரிவரியாக மரவளையங்கள் விழுந்திருந்தன. அங்காயி அவனைத் தூக்கி நிறுத்தி, கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஊர் வழிவிட, வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனாள். ஊர் அவர்களைப் பார்த்ததைவிட அவரவர் கிணற்றைப் பார்க்க ஓடியதுதான் அதிகம். எல்லாக் கிணற்றிலும் ஒரு முழம் இறங்கியிருந்தது. உள்ளே மாட்டியிருக்கிற மற்றவர்கள் அந்தக் கிழிசல் பக்கம் இல்லை, வேரின் நீளத்தில் வேறு வேறு இடங்களில் தட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் யாரும் அன்று வரவில்லை.

அங்காயி சோறு வடித்து, மிச்சமிருந்த கருவாட்டைக் கழுவிக் குழம்பு வைத்தாள். இந்தத் தடவை பயந்துகொண்டு உப்பே போடவில்லை. தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மடங்காத விரலால் பிசைந்து ஒரு வாய் வைத்தான். மெதுவாக மென்றான். இன்னொரு வாய் வைத்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து வாயோரத்தில் இறங்க, அதை நாக்கால் தொட்டுப் பார்த்தான்.

"அங்க எல்லாம் இருந்துச்சு புள்ள," என்றான். "உப்பு மட்டும் இல்ல. கொஞ்சம் உப்பு வையி."

அவள் உப்பு ஜாடியை எடுக்க எழுந்தாள். கொல்லைக் கதவில் ஆள் நிழல் விழுந்தது. பழனியாயி நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், இரண்டிலும் அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. பழனியாயி உள்ளே சாப்பிடுகிறவனைப் பார்த்தாள், அவன் முழங்கையில் விழுந்திருந்த வளையங்களைப் பார்த்தாள், குடத்தைக் கீழே வைக்கவில்லை.

"மாதேசு தட்டறது நாலு நாளாச் சரியாக் கேக்கலடி," என்றாள். "எப்படி மண்ணணைச்சு ஊத்துனேன்னு வந்து காட்டு."

அங்காயி ஜாடியைத் திறந்தாள்.

"இரு அக்கா," என்றாள். "இவருக்கு உப்பு வச்சிட்டு வரேன்."